பெண்டுலம் படித்த குரோமோசோம்

2007-ஆம் வருடம் ஆகஸ்ட் கடைசியில் ஆரம்பித்து, செப்டம்பரில் பிள்ளையார் ஊர்வலங்கள் போய்க்கொண்டிருந்த ஒரு பகலில் முடிந்த விஷயம் இது. அப்போது நாங்கள் ஹைதராபாத்தில், மல்காஜ்கிரியில் ரயில்வே லைன் ஓரமாக ஒரு அபார்ட்மென்ட்டின் இரண்டாம் மாடியில் குடியிருந்தோம். கணவருக்கு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. காலையில் கம்பெனி பஸ்ஸைப் பிடித்து ஊரின் அந்தக் கோடிக்குப் போனால் இருட்டிய பிறகுதான் வருவார். பகல் முழுவதும் நானும் ஒரு வயது மகளும் மட்டும்.

இதைக் கேட்டவர்கள் எல்லோரும் கடைசியில் "சரி, போகட்டும் விடு" என்றுதான் சொல்கிறார்கள். எனக்கு விட மனம் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

மகளுக்குப் பதினோரு மாதம் ஆகியும் உட்கார வரவில்லை. தூக்கினால் ஈரத் துணி மாதிரி தோளில் துவண்டு கிடப்பாள். அழுகை கரகரவென்று இருக்கும். நாக்கு எப்போதும் கொஞ்சம் வெளியே தெரியும். சமர்த்துப் பிள்ளை, அழுவதே இல்லை என்று எல்லோரும் பாராட்டினார்கள். நானும் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். செகந்திராபாத்தில் ஒரு குழந்தை மருத்துவரிடம் காட்டியபோது அவர் பாராட்டவில்லை. உடனே ரத்தம் எடுக்கச் சொன்னார்.

தைராய்டு சுரப்பு மிகக் குறைவாக இருந்தது. தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை, பொடித்துக் கரண்டியில் கரைத்துக் கொடுக்க வேண்டும். அந்த மருத்துவர் தெலுங்குக்காரர், என்னிடம் ஆங்கிலத்தில் பேசுவார். அன்றைக்கு என் கையில் டப்பாவைக் கொடுத்து அவர் சொன்னது இதுதான்: "மூளை வளர்கிற வயசு இது. ஒரு நாள்கூட விடக்கூடாது. ஏற்கெனவே தாமதம்."

இன்னொரு சோதனையும் எழுதினார். குழந்தையின் முகத்தையும் நாக்கையும் பார்த்தால் குரோமோசோமில் ஏதாவது கூடுதலாக இருக்குமோ என்ற சந்தேகம் வருகிறது, அதையும் பார்த்துவிடலாம் என்றார். ரிப்போர்ட் வர மூன்று நான்கு வாரம் ஆகும்.

மாத்திரை வேலை செய்தது. ஒன்றரை மாதத்தில் மகள் உட்கார்ந்தாள். சுவரில் சாயாமல், இரண்டு கையையும் தரையில் ஊன்றிக்கொண்டு, தானே ஆச்சரியப்பட்டவள் போல என்னைப் பார்த்தாள். அதைப் பார்த்து நான் நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஆனால் என் மனது முழுவதும் வராத அந்த ரிப்போர்ட்டில்தான் இருந்தது. அதுவோ, எடுத்த ரத்தத்தில் செல்கள் வளரவில்லை, மறுபடி ரத்தம் எடுக்க வேண்டும் என்று வந்து நின்றது. மறுபடி ஊசி. மறுபடி நான்கு வாரம்.

அந்த நான்கு வாரத்தைச் சொல்லத் தெரியவில்லை. குழந்தையின் உள்ளங்கை ரேகையைப் பார்ப்பேன். கண்ணின் ஓரத்தைப் பார்ப்பேன். ஒரு நிமிடம் எல்லாம் சரியாக இருக்கிற மாதிரி இருக்கும், அடுத்த நிமிடம் இல்லை என்று தோன்றும். கணவரிடம் கேட்டால், "ரிப்போர்ட் வரட்டும், பார்த்துக்கலாம். நீயா எதையாவது யோசிக்காத" என்பார். யோசிக்காமல் இருக்க அவருக்கு ஆபீஸ் இருந்தது. எனக்கு என்ன இருந்தது?

கீழ் வீட்டில் ஒரு அக்கா இருந்தார். பரம்பரையாக செகந்திராபாத்தில் இருக்கிற தமிழ்க் குடும்பம். அவர் கணவர் லாலாகுடா ரயில்வே ஒர்க்ஷாப்பில் வேலை பார்த்தார். அக்காவின் தமிழில் பாதி உருதுவும் தெலுங்கும் கலந்திருக்கும். 'கைக்கு' என்றால் ஏன், 'ஹவ்' என்றால் ஆமாம், 'நக்கோ' என்றால் வேண்டாம். படியில் நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றதை ஒரு நாள் பார்த்துவிட்டார்.

"கைக்கு அழறே? என்ன ஆச்சு சொல்லு மா."

சொன்னேன்.

"அட, இதுக்கா? மௌலா அலி பக்கம் ஒரு சார் இருக்கார் மா. ரிட்டயர்டு இன்ஜினியர். பெண்டுலம் வெச்சு உடம்புல என்ன இருக்குன்னு அப்படியே சொல்லிடுவார். என் முட்டி வலி நின்னுச்சு, தெரியுமா? ஒரு பைசா தொடமாட்டார். டாக்டருங்க பிள்ளைய குத்திக்கிட்டே இருப்பாங்க. சும்மா ஒரு தடவ வந்து பாரேன்."

"குரோமோசோம்கூடப் பார்ப்பாராக்கா?"

"ஹவ் மா. அதுக்கே தனியா சார்ட் வெச்சிருக்கார்."

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் படிக்காதவள் இல்லை. பாளையங்கோட்டையில் தாவரவியல் எம்.எஸ்ஸி. முடித்தவள். வெங்காய வேர் நுனியைச் சாயத்தில் ஊறவைத்து, கண்ணாடித் துண்டுக்கு நடுவில் நசுக்கி, மைக்ராஸ்கோப்பில் பதினாறு குரோமோசோமையும் ஒவ்வொன்றாக எண்ணி ரெக்கார்டு நோட்டில் வரைந்தவள். குரோமோசோமைப் பார்க்க எவ்வளவு பாடுபட வேண்டும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் போனேன்.

போனதற்கு ஒரு சமாதானமும் சொல்லிக்கொண்டேன். எங்கள் ஊரில் கிணறு வெட்டுவதற்கு முன்னால் நீரோட்டம் பார்க்க ஆள் கூப்பிடுவார்கள். உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு தோட்டத்தில் நடப்பார், ஓரிடத்தில் தேங்காய் எழுந்து நிற்கும், அங்கே வெட்டுவோம். எங்கள் கிணற்றில் அப்படித்தான் தண்ணீர் வந்தது. இதுவும் அந்த மாதிரி ஒரு கலையாக இருக்கலாமே என்று நினைத்தேன். பக்கத்துத் தோட்டத்துக்காரர் யாரையும் கூப்பிடாமலே வெட்டினார், அவருக்கும் தண்ணீர் வந்தது என்பது அப்போது ஞாபகத்துக்கு வரவே இல்லை.

அந்த இன்ஜினியர் பெரியவரின் வீடு சுத்தமாக, அமைதியாக இருந்தது. ஹாலில் பத்துப் பன்னிரண்டு பேர். வெள்ளை ஜிப்பா, மெல்லிய குரல், நரைத்த தலை. பல வருடம் சென்னையில் வேலை பார்த்தவராம், தமிழ் நன்றாகவே பேசினார். காவி, விபூதி, மந்திரம் எதுவும் இல்லை. மேஜைமேல் பாகைமானி மாதிரி அரைவட்டம் போட்ட அட்டைகள், பூஜ்யத்திலிருந்து நூறு வரை எண்கள். இன்னொரு அட்டையில் இருபத்து மூன்று ஜோடிக் குரோமோசோம்களும் வண்ண வண்ணமாக, வரிசையாக. பாடப் புத்தகத்தில் இருக்கிற அதே படம். அதைப் பார்த்ததும் எனக்கு மரியாதையே வந்துவிட்டது. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் உண்மை.

குழந்தையின் போட்டோவை அட்டைமேல் வைத்தார். சங்கிலியில் தொங்கிய படிகக் கல்லை ஒவ்வொரு ஜோடிக்கும் மேலாகப் பிடித்துக்கொண்டு போனார். பதினொன்றாவது ஜோடி வந்ததும் கல் சுற்ற ஆரம்பித்தது.

"இங்கதான் தடை. இது தாய் வழி." என்னை நிமிர்ந்து பார்த்தார். "கர்ப்பமா இருந்தப்போ நீங்க ரொம்பப் பயந்தீங்களா அம்மா?"

எந்தப் பெண் பயப்படவில்லை? முதல் பிரசவம், மொழி தெரியாத ஊர், சாயங்காலம் வரை ஆளில்லாத வீடு. "ஆமா சார்" என்றேன். அழுதுவிட்டேன்.

"அந்தப் பயம் குரோமோசோம்ல பதிஞ்சிருக்கு. லேப்ல அது தெரியாது. ரத்தமே வளரலைன்னு சொன்னாங்க இல்ல? நான் இங்கேர்ந்தே சரி பண்ணிடலாம்."

எனக்கு எங்கே வலிக்கும் என்று அவர் எப்படிச் சரியாகக் கண்டுபிடித்தார் என்று பிறகு பல முறை யோசித்திருக்கிறேன். கண்டுபிடிக்கவே வேண்டியதில்லை. உடம்பு சரியில்லாத குழந்தையோடு வருகிற எந்தத் தாயிடமும் அந்தக் கேள்வியைக் கேட்கலாம். எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்வோம். எல்லோரும் அழத்தான் செய்வோம்.

பிறகு மாத்திரை டப்பாவைக் கேட்டார். அதை அட்டைமேல் வைத்து, "இந்த மருந்து இந்தக் குழந்தைக்கு உகந்ததா?" என்று பெண்டுலத்தைப் பார்த்துக் கேட்டார். அது குறுக்கே ஆடியது. குறுக்கே ஆடினால் இல்லை என்று அர்த்தம்.

"நிறுத்தணுமா சார்?"

"நான் நிறுத்தச் சொல்லமாட்டேன் அம்மா. அது என் தர்மம் இல்ல. ரசாயனம் உள்ள இருந்தா நான் அனுப்புற அதிர்வு போய்ச் சேராது, அவ்வளவுதான். முடிவு உங்களோடது."

அந்த வாக்கியத்தை நன்றாகப் பாருங்கள். நிறுத்தச் சொன்ன பாவமும் அவர்மேல் இல்லை, தொடரச் சொன்ன பொறுப்பும் அவருக்கு இல்லை. அன்றைக்கு எனக்கு அது பெருந்தன்மையாகத் தெரிந்தது.

கிளம்பும்போது, தூரத்திலிருந்து சிகிச்சை செய்யக் குழந்தையின் முடி கொஞ்சம் வேண்டும் என்றார். அதற்குச் சாட்சி என்று பெயராம். கத்தரித்த முடியாக இருக்க வேண்டும், தலையணையில் உதிர்ந்ததில் உயிர் இல்லை. ஒரு உறையில் போட்டுக் கொடுத்தால் தினமும் காலை பதினோரு மணிக்கு அதன்மேல் ஆற்றலை நிறுத்துவார்.

வீட்டுக்கு வந்து கத்தரிக்கோலை எடுத்தேன். கை வரவில்லை. எங்கள் குடும்பத்தில் பிறந்த முடியில் இரும்பு படக்கூடாது. குலதெய்வம் சாஸ்தா கோவிலில், பங்குனி உத்திரத்துக்கு, மொட்டை போடுகிற அன்றைக்குத்தான் முதல் கத்தி. அந்த வருட உத்திரத்துக்குக் குழந்தை சளியில் படுத்திருந்ததால் அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போட்டிருந்தோம். மாமியார் போன் பண்ணும்போதெல்லாம், "ஏட்டி, கண்ணுல முடி விழுதுன்னு வெட்டிக்கிட்டி வச்சிராத, சாமிக்கு உள்ளது" என்று ஞாபகப்படுத்துவார்.

டாக்டர் சொல் ஒரு பக்கம், பெண்டுலப் பெரியவர் சொல் ஒரு பக்கம், சாமி ஒரு பக்கம். எல்லோரிடமும் நல்ல பெயர் வாங்க நினைக்கிறவள் என்ன செய்வாளோ அதைச் செய்தேன். என் பின்னலின் நுனியிலிருந்து ஒரு சுருள் வெட்டி, பொடிசாக நறுக்கி உறையில் போட்டேன். என் முடியும் அவள் முடியும் ஒரே சுருட்டை. என் வயிற்றில் பிறந்தவள்தானே, அவள் குரோமோசோமில் பாதி என்னுடையதுதானே என்று எம்.எஸ்ஸி. படிப்பையும் துணைக்கு அழைத்துக்கொண்டேன். உறைமேல் மகளின் பெயரை எழுதி அக்காவிடம் கொடுத்தனுப்பினேன். அக்காவுக்கும் சொல்லவில்லை.

மறுநாள் காலையிலிருந்து மாத்திரையை நிறுத்தினேன்.

நிறுத்தினேன் என்று ஒரு வார்த்தையில் எழுதிவிட்டேன். செய்தது அப்படியில்லை. கணவர் பார்த்தால் டப்பாவில் மாத்திரை குறைந்திருக்க வேண்டுமே. தினமும் ஒரு மாத்திரையை எடுத்துப் பொடித்து, கரண்டியில் கரைத்து, சிங்க்கில் ஊற்றித் தண்ணீரைத் திறந்துவிடுவேன். "மாத்திரை கொடுத்தாச்சா?" என்று அவர் ஷூ மாட்டிக்கொண்டே கேட்பார். "ஆச்சு" என்பேன். அதற்குப் பதிலாக, பெரியவர் ஒரு தாளில் எழுதிக் கொடுத்த எண்களை டம்ளருக்கு அடியில் வைத்து, அந்தத் தண்ணீரை மூன்று வேளை புகட்டினேன்.

முதல் பத்து நாள் ஒன்றும் ஆகவில்லை. அதுதான் வினை. ஏற்கெனவே உள்ளே போன மருந்து இன்னும் வேலை செய்துகொண்டிருந்தது என்பதை மருத்துவர் பிறகுதான் விளக்கினார். அப்போதோ நான், பார்த்தாயா, மாத்திரை இல்லாமலே நன்றாக இருக்கிறாள் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். போன் பண்ணினால் பெரியவர் உறையின்மேல் பார்த்து எண் சொல்வார். முதல் வாரம் அறுபத்திரண்டு. அடுத்த வாரம் எழுபத்தாறு. "உங்க பொண்ணு ரெஸ்பான்ஸ் பிரமாதம் அம்மா."

மூன்றாவது வாரத்தில் குழந்தைக்கு மலச்சிக்கல் வந்தது. கை கால் சில்லென்று இருந்தது. பகலெல்லாம் தூங்கினாள். எழுப்பினால் இரண்டு வாய் பால் குடித்துவிட்டு மறுபடி தூங்கினாள். அழுகையில் அந்தக் கரகரப்பு திரும்பிவிட்டது. உட்காரவைத்தால் ஊன்றிய கை மடங்கி, மெதுவாகப் பக்கவாட்டில் சரிந்தாள். விழுந்ததற்கு அழக்கூட இல்லை.

போன் பண்ணினேன். "கழிவு வெளியேறுற கட்டம் அம்மா. வெளியில மோசமாத் தெரியும், உள்ள சுத்தமாகும். பயப்படாதீங்க. உங்க பயம்தான் அவளுக்கு விஷம்."

இந்த ஒரு வார்த்தைக்காக அவரை நான் மன்னிக்கவே மாட்டேன். குழந்தை சரிகிறாள் என்று கண் சொல்கிறது, கை சொல்கிறது. அதையெல்லாம் கேட்டால் நான் குழந்தைக்கு விஷம் வைக்கிறேன் என்றால், நான் எதைத்தான் கேட்பது? ஐந்து நாள் பயத்தை அடக்கினேன். ஐந்து நாள் குழந்தையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தேன். அந்த நாட்களில் ஒன்றில், ரிப்போர்ட் வந்துவிட்டது, வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று மருத்துவரின் கிளினிக்கிலிருந்து போன் வந்தது. பயம்தானே விஷம்? நாளைக்கு, நாளைக்கு என்று அதையும் தள்ளிப்போட்டேன்.

இருபத்தாறாவது நாள் பெரியவர் வீட்டில் ஒரு கூட்டம். புதிதாக வந்தவர்களுக்கு அவருடைய முறையை விளக்கும் நாள். குழந்தையையும் கூட்டி வரச் சொன்னார். அக்காவும் கூட வந்தார். ஹால் நிறைந்திருந்தது. எங்களை முன்வரிசையில் உட்காரவைத்து, உறையை மேஜைமேல் வைத்து, பெண்டுலத்தைப் பிடித்தார்.

"பதினொன்றாவது ஜோடி... நூறு. தடை போயிடுச்சு. தைராய்டு... பாருங்க, பாருங்க, தொண்ணூத்தெட்டு. மாத்திரை இல்லாம! இந்தக் குழந்தையோட உயிர்த்துடிப்பு எப்படி இருக்குன்னு நீங்களே பாருங்க."

கல் சுழன்று சுழன்று ஆடியது. யாரோ கை தட்டினார்கள். என் தோளில் குழந்தை குளிர்ந்துபோய்க் கிடந்தாள். ரவிக்கை வழியாக அந்தக் குளிர் என் தோளில் இறங்கியது. நான் உறையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள் இருப்பது என் முடி. நன்றாகத் துடிப்பதும் நான். தைராய்டு சரியாக இருப்பதும் எனக்குத்தான். எனக்கு அது எப்போதுமே சரியாகத்தான் இருந்தது.

"சார், அது என் முடி" என்றேன்.

அவருக்குக் கேட்கவில்லை. எழுந்து நின்று மறுபடி சொன்னேன். "அந்தக் கவர்ல இருக்கது பிள்ளை முடி இல்ல சார். என் தலைமுடி. அவளுக்கு இன்னும் மொட்டை போடல, அதனால வெட்டல. நீங்க இருபத்தாறு நாளா என்னையத்தான் பார்த்துக்கிட்டு இருக்கீங்க."

அவர் முகத்தில் கோபமோ அதிர்ச்சியோ எதுவும் இல்லை. இரண்டு வினாடி யோசித்தார். பிறகு, என் வாழ்நாளில் மறக்க முடியாத காரியம் ஒன்றைச் செய்தார். பெண்டுலத்தை மறுபடி உறைமேல் பிடித்து, "இது தாயோட முடியா?" என்று அதையே கேட்டார். கல் வலமாகச் சுற்றியது.

"ஆமாம்னு சொல்லுது" என்றார் எல்லோரையும் பார்த்து. இரண்டு மூன்று பேர் ஆச்சரியத்தில் உச்சுக்கொட்டினார்கள். நான் இப்போதுதான் வாய்விட்டுச் சொன்னதைக் கல் கண்டுபிடித்துவிட்டதாம்!

பிறகு என் பக்கம் திரும்பினார். "பொய்ச் சாட்சி வெச்சிருக்கீங்க அம்மா. குழந்தைக்குப் போக வேண்டிய ஆற்றலை நீங்க எடுத்துக்கிட்டீங்க. அதனாலதான் அவ இப்படி இருக்கா."

ஹாலில் இருந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். பின்னாலிருந்து ஒரு அம்மாள், "பெத்தவளே இப்படிப் பண்ணலாமா?" என்றார். ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவர் சொல்வது சரியாக இருக்குமோ என்று எனக்கும் தோன்றியது. இன்றைக்கும் என்னை உறுத்துவது அவர் சொன்னது இல்லை. அந்தக் கணம்தான்.

"அப்போ மொதல்ல பதினொண்ணுல அடைப்புன்னு சொன்னது யாருக்கு சார்? எனக்கா? அவளுக்கா?"

"போட்டோல பார்த்தது குழந்தைக்கு..."

"போட்டோலயே தெரியும்னா முடி எதுக்கு? முடியிலதான் தெரியும்னா போட்டோல எப்படித் தெரிஞ்சுது?"

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "கோபம் வேண்டாம் அம்மா. நம்பிக்கை வைங்க."

அதற்குள் அக்கா எழுந்துவிட்டார். அதுவரை குழந்தையின் பாதத்தைத் தன் உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தவர். "நக்கோ சார், போதும். என் முட்டிக்கு என்ன வேணா சுத்துங்க, முட்டி என்ன, கிழட்டு முட்டி. பச்சப் பிள்ள மருந்த நிறுத்துறது கைக்கு? இவ நிறுத்தினது எனக்குத் தெரியவே தெரியாதே!" என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பி, "நீ படிச்ச பொண்ணுதானே, புத்தி எங்க போச்சு? நட மா. டாக்டர்கிட்ட நட" என்று கையைப் பிடித்து இழுத்தார். வாசலில் செருப்பு மாட்டும்போது, "நானே கூட்டிட்டு வந்தேனே, என்னைச் சொல்லணும்" என்று தன்னையும் திட்டிக்கொண்டார்.

ஆட்டோ லாலாகுடா தாண்டும் முன்னாலேயே ஒரு பிள்ளையார் ஊர்வலத்தில் மாட்டிக்கொண்டது. லாரியில் பெரிய பிள்ளையார், முன்னால் மேளம், குலால் வண்ணப்பொடி தூவிக்கொண்டு ஆட்டம். வண்டி நகரவே இல்லை. அவ்வளவு சத்தத்திலும் குழந்தை கண் திறக்கவில்லை. அக்கா இறங்கிப் போய், தெலுங்கிலும் உருதுவிலும் மாறி மாறிக் கத்தி, ஆட்டோ போகிற அளவுக்கு வழி வாங்கிக்கொண்டு வந்தார்.

மருத்துவர் குழந்தையைத் தொட்டுப் பார்த்ததுமே, "மாத்திரை கொடுக்கிறீங்களா?" என்றுதான் கேட்டார். இல்லை என்றேன். எத்தனை நாளாக என்றார். சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. தன் கையாலேயே ஒரு மாத்திரையைப் பொடித்துக் கரைத்துக் குழந்தையின் வாயில் விட்டார். ரத்தம் எடுக்க நர்ஸைக் கூப்பிட்டார். பிறகு மேஜை டிராயரைத் திறந்து ஒரு உறையை எடுத்தார்.

"நாலு நாளா இங்கேயே இருக்கு. வந்து வாங்கிக்கச் சொல்லி போன் பண்ணினோமே?"

வந்தது. நான்தான் போகவில்லை. அவர் பிரித்துக் காட்டினார். நாற்பத்தாறு குரோமோசோம்கள், ஜோடி ஜோடியாக, கறுப்பு வெள்ளையில். கூடுதல் இல்லை, குறைவு இல்லை, எந்த ஜோடியிலும் எதுவும் இல்லை. "குரோமோசோமில் எந்தப் பிரச்சினையும் இல்லை. அவளுக்கு இருப்பது தைராய்டுக் குறைபாடு மட்டும்தான்" என்றார். "அதற்கு இருக்கிற மருந்தும் ஒன்றே ஒன்றுதான்."

அதாவது, இல்லாத நோயைப் பார்த்துப் பயந்து, இருந்த நோயின் மருந்தை நான் சிங்க்கில் ஊற்றியிருக்கிறேன். அந்த நாற்காலியில் உட்கார்ந்து அழுத மாதிரி நான் எங்கேயும் அழுததில்லை. குழந்தைக்கு அந்த நோய் இல்லை என்ற சந்தோஷம்கூட அந்த அழுகையில் இல்லை.

அன்றைக்குக் கணவர் ஆபீஸிலிருந்து வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். சிங்க்கையும் சொன்னேன். அவர் குழந்தையை என் மடியிலிருந்து தூக்கித் தன் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு, "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றார்.

"கேட்டப்பல்லாம் யோசிக்காதன்னு சொன்னீங்க" என்றேன். மறுநாளிலிருந்து காலை மாத்திரை அவர் பொறுப்பு. ஷூ மாட்டுவதற்கு முன்னால் அவரே பொடித்து, அவரே கொடுப்பார். என்னை நம்பாமல் அப்படிச் செய்கிறாரோ என்று முதலில் குறுகினேன். பிறகு கேட்கவில்லை. குழந்தைக்கு மருந்து போகிறது, அது போதும்.

மூன்று வாரத்தில் மறுபடி உட்கார்ந்தாள். அடுத்த பங்குனியில் சாஸ்தா கோவிலில் மொட்டை போட்டோம். அதற்கும் ஒரு மாதம் கழித்து நடந்தாள். இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். நான் தமிழில் கேட்டால் இந்தியில் பதில் சொல்வாள், சாப்பிடக் கூப்பிட்டால் அக்கா மாதிரியே "நக்கோ" என்பாள். படம் நன்றாக வரைகிறாள். கணக்கு மட்டும் கொஞ்சம் மெதுவாகத்தான் ஏறுகிறது. மற்றப் பிள்ளைகள் ஒரு தடவையில் பிடித்துக்கொள்வதை இவளுக்கு நாலு தடவை சொல்ல வேண்டியிருக்கிறது. மருத்துவரிடம் கேட்டேன். முதலிலேயே தாமதமாகத்தானே கண்டுபிடித்தோம், அதனாலும் இருக்கலாம், எல்லாப் பிள்ளைகளும் ஒரே மாதிரியா என்றார். அந்த இருபத்தாறு நாளால் இருக்குமா என்றேன். "சொல்ல முடியாது" என்றார். ஆமாம் என்று சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அந்தப் பெரியவர் இன்னமும் அதே ஹாலில், அதே அட்டைகளோடு இருக்கிறாராம். எங்கள் பேட்டைக்காரர்கள் ஒரு விழாவில் அவருக்குச் சால்வைகூடப் போர்த்தினார்கள். பொறுக்க முடியாமல் இரண்டு பேரிடம் நடந்ததைச் சொன்னேன். "நல்ல மனுஷரும்மா, பைசா வாங்குறதில்லையே. உன்னை நிறுத்தச் சொல்லி வற்புறுத்தினாரா?" என்று என்னையே கேட்டார்கள். வாங்கவில்லைதான், வற்புறுத்தவும் இல்லை. பணம் வாங்கியிருந்தால் நானே சந்தேகப்பட்டிருப்பேன். வற்புறுத்தியிருந்தால் எழுந்து வந்திருப்பேன். அவர் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டது பயத்தை. ஒரு தாய்க்கு இருக்கவேண்டிய பயம் அது. அதைக் குற்றம் என்று சொல்லிப் பிடுங்கிக்கொண்டார். கொடுத்தது நான்தான் என்பதையும் நான் மறைக்கவில்லை.

குழந்தைக்கு உடம்பு முடியாத யாராவது என்னிடம், "ரொம்பப் பயமா இருக்கு" என்று சொன்னால், பயப்படாதே என்று நான் இப்போதெல்லாம் சொல்வதே இல்லை. பயப்படு, பயந்துகொண்டே மருந்தைக் கொடு, அந்தப் பயம் பாவம் என்று யாராவது சொன்னால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அந்த நிமிடமே எழுந்து வந்துவிடு என்றுதான் சொல்கிறேன்.